பிராத்தல்: ஆளைத் திட்டிய சொல் வீட்டின் மேல் ஒட்டிய கதை



'பிராத்தல் கேஸ்' என்று தெருவிலும் காவல் நிலையத்திலும் சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல்தான், தமிழ் வசவாகவே ஆகிவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

பழைய ஆங்கிலத்தில் 'கெட்டுப்போதல், சீரழிதல்' என்ற பொருளில் ஒரு வினைச்சொல் இருந்தது. அதன் வழியில், 14ஆம் நூற்றாண்டில் பிராத்தல் என்றால் உருப்படாத ஆள். கவனியுங்கள், வீடு அல்ல, ஆள். ஆணையும் அப்படித் திட்டினார்கள். அடுத்த நூற்றாண்டில் அது பாலியல் தொழில் செய்யும் பெண்ணின் பெயரானது. அவள் இருக்கும் இடம் 'பிராத்தல் ஹவுஸ்' ஆனது. 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 'ஹவுஸ்' உதிர்ந்து, வசவு வீட்டின் மேல் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சிலிருந்து வந்த 'போர்டெல்' என்ற சொல்லும் அங்கே புழங்கியது. சிறு குடிசை என்பதே அதன் பழைய பொருள். ஒலி ஒன்றுபோல இருந்ததால் இரண்டும் கலந்தன. குடிசை போனது, வசவு நின்றது.

இத்தனை பயணத்தில் வழியிலேயே இறங்கிக்கொண்டவன் ஆண் மட்டும்தான். நம்மிடமும் அப்படித்தானே? 'அவன் கெட்டுப்போயிட்டான்' என்றால் குடியோ சூதோ என்று நினைக்கிறோம். 'அவள் கெட்டுப்போனவள்' என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. 'விபச்சாரி'க்கு ஆண்பால் எங்கே என்ற கேள்வியும் நமக்குப் புதிதல்ல.

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், சவுத்வர்க்கில், இத்தகைய வீடுகள் பல நூற்றாண்டுகள் நடந்தன. நிலம் வின்செஸ்டர் பிஷப்புடையது, வருமானத்தில் அவருக்கும் பங்கு. 1546இல் எட்டாம் ஹென்றி அவற்றை மூடினார். பிஷப்புக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் எந்த அகராதியிலும் இல்லை.

பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 1956இல் இயற்றப்பட்ட நமது ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு வரையறை இருக்கிறது. வீடு, அறை, வண்டி, எதுவானாலும் சரி. இன்னொருவர் லாபத்துக்காக அங்கே பாலியல் சுரண்டல் நடந்தால் அது பிராத்தல். அதோடு நிற்கவில்லை. இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் வருமானத்துக்காகச் சேர்ந்து தொழில் செய்தாலும் அந்த இடம் பிராத்தல்தான். தரகன் வேண்டாம், முதலாளி வேண்டாம்.

தனியாக இருந்தால் அடி விழும், வாடகை கட்டாது என்றுதான் இருவர் சேர்கிறார்கள். சேர்ந்தால் அறைக்குப் பெயர் மாறிவிடுகிறது, அதை நடத்திய குற்றமும் அவர்கள் தலையில் விழுகிறது. அவளுடைய வருமானத்தில் வாழ்வது தெரிந்தே வாழ்கிறார்கள் என்று 18 வயது கடந்த மகனையும் வயதான தாயையும்கூட இதே சட்டத்தின் 4ஆவது பிரிவு குற்றவாளியாக்க முடியும்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், விருப்பத்தோடு தொழில் செய்யும் பெண்களைச் சோதனையின்போது கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்றது. பிராத்தல் நடத்துவது மட்டுமே குற்றம் என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. அப்படியானால் அந்த இரண்டு பெண்கள் யார்? தொழில் செய்பவர்களா, நடத்துபவர்களா? கதவைத் தட்டும் காவலர்தான் இன்றுவரை அதை முடிவு செய்கிறார்.