மின்சாரத்தைக் காக்கும் நுண்ணுயிர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம்; மின்சாரத்தையோ ஆக்கும்போதே செலவழித்தாக வேண்டும். நீர்வீழ்ச்சியை நம்பியிருந்த காலத்தில் இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. அணையில் நீர் நிற்கும்; வேண்டும்போது திறந்துகொள்ளலாம். சூரியன் அவ்வாறு நம் சொற்படி நிற்பவன் அல்லன். நமக்கு அண்மையிலுள்ள நெடும்பாசேரி விமான நிலையம் 2015 ஆகஸ்டு முதல் சூரிய மின்சாரத்தால் இயங்கி வருகிறது. எனினும் பகலில் மிஞ்சியதை மின்வாரியத்துக்குக் கொடுத்து, இரவில் திரும்பப் பெறுகிறது. வீட்டுக்கு வீடு கூரையில் தகடு பதித்து, எல்லாரும் பகலில் கொடுத்து இரவில் கேட்டால் வாரியம் எங்கே போகும்?

கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் நீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். சிறந்த வழிதான், ஆனால் மலை வேண்டும். மின்கல அடுக்கோ சில மணி நேரத்துக்கே தாங்கும். மழைக்காலம் முழுமைக்கும் சேமிக்க வேறு வழி வேண்டாமா?

இத்தாலிய அறிஞர் வோல்டா, 1776-இல் மஜ்ஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்து எரித்துப் பார்த்தார். அதுவே மீத்தேன். 1800-இல் மின்கல அடுக்கை உலகுக்கு அளித்தவரும் அவரே! இவ்விரண்டையும் ஒன்று சேர்க்க உலகுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அவ்வாயுவை ஆக்குபவை, பிராணவாயு ஆகாத நுண்ணுயிர்கள். மாட்டின் வயிற்றிலும் சாண எரிவாயுத் தொட்டியிலும் இவற்றின் இனமே வாழ்கிறது. மிஞ்சிய மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க வேண்டும். அதில் நான்கு பங்கும் கரியமில வாயு ஒரு பங்கும் கொடுத்தால், இவை தின்று மீத்தேனும் நீரும் தருகின்றன. மீத்தேனைக் குழாயிலும் தொட்டியிலும் மாதக்கணக்கில் வைத்திருந்து, வேண்டும்போது எரித்து மின்சாரமாக்கலாம். டென்மார்க்கில் கோபன்ஹேகனை அடுத்த அவெதோரே கழிவுநீர் நிலையத்தில் 2016-இல் ஆயிரம் கிலோவாட் அளவில் இதனை நடத்திக் காட்டினர்.

நம் ஊரார்க்கு இது புதுமையன்று. பாக்ட் உரத் தொழிற்சாலை 1947-இல் உற்பத்தி தொடங்கியபோது, விறகிலிருந்து வாயு எடுத்து, அந்த ஹைட்ரஜனை நைட்ரஜனோடு சேர்த்தே அம்மோனியா ஆக்கியது. அதற்குப் பேரழுத்தமும், கடும் வெப்பமும், இரும்பு வினையூக்கியும் வேண்டும். நுண்ணுயிரோ ஏறத்தாழ 60 டிகிரிச் சூட்டில், சந்தடியின்றித் தன் வேலையை முடித்துவிடுகிறது. இதற்கு வேண்டிய கரியமில வாயு அம்மோனியாத் தொழிலில் உடன்விளைவாகவே கிடைக்கிறது.

வரவு செலவு எழுதியே பழகிய எனக்கு, நட்டக் கணக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. பத்து யூனிட் மின்சாரம் கொடுத்தால், மீத்தேனாக ஐந்தாறு யூனிட் நிற்கும். மீண்டும் மின்சாரமாக்கினால் மூன்று தேறுவதே பெரிது. கடம்பாறை போன்ற நிலையங்களில் ஏழுக்கு மேல் திரும்பும். ஆதலின், இல்லையேல் வீணாய்ப் போகும் மின்சாரத்துக்கே இவ்வழி பொருந்தும். பணம் கொடுத்து வாங்கிய மின்சாரத்தை இதில் இடுவது கட்டுப்படியாகாது.

காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஓர் அறிஞரை அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைக்கும்படி செயற்குழுவை வேண்டுகிறேன். ஹைட்ரஜனோடு பழகிய தொழிலாளர் நம் காலனியிலேயே உளர். கேட்க வேண்டியவற்றை அவர்கள் கேட்பார்கள்.