மருந்துச் சீட்டும் வைத்தியர் புகழ்ச்சியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகள் பல உண்டென்பதைத் தாங்கள் அறிவீர்கள். 1945-ம் வருஷத்து மருந்து விதிகளில் அவை 'எச்' அட்டவணை என்னும் பெயரால் வகுக்கப்பட்டுள்ளன. இவ்வாறு விதித்ததன் காரணம் யாது? ஒருவருக்கு அமிர்தமாகும் மருந்து மற்றொருவருக்கு நஞ்சாகலாம். வயது, சிறுநீரகத்தின் நிலை, கர்ப்பம், உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றை ஆராய்ந்தே அளவு குறித்தல் வேண்டும். ஆகவே சீட்டென்பது கடைக்காரருக்கு அனுமதி மாத்திரமன்று; நோயாளியை ஒருவர் நேரிற் கண்டு ஆராய்ந்தார் என்பதற்குச் சாட்சியுமாம்.

இக்காலத்திலோ, வைத்தியருள்ளும் மருந்தாளுநருள்ளும் செவிலியருள்ளும் சிலர் சமூக ஊடகங்களில் தோன்றி, சீட்டு மருந்துகளைப் பெயர் சொல்லிப் புகழ்கின்றனர். கேட்போர் ஆயிரக்கணக்கினர், ஆராயப்பட்டவர் ஒருவருமில்லை. வியாபாரி புகழ்ந்தால் ஐயுறும் நாம், வைத்தியர் புகழ்ந்தால் கைகூப்பி ஏற்கின்றோம்.

இதன் தீங்கை 2020-ம் வருஷம் காட்டிற்று. கொரோனா பரவியபோது, பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரப் பேராசிரியர் டிடியே ராவுல் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்னும் மருந்தை யூடியூப் வாயிலாகச் சிறப்பித்துப் பேசினார். நாட்டுத் தலைவர்களும் அதனைப் புகழ்ந்தனர். அஞ்சிய ஜனங்கள் வாங்கிக் குவித்தனர். மூட்டுவாதத்துக்கும் லூப்பஸ் நோய்க்கும் அதனையே நம்பியிருந்தவர் பலர் அது கிட்டாமல் வருந்தினர். நம் அரசாங்கம் மார்ச் 26-ந் தேதி அதன் விற்பனையைக் கடுமையாக்கிற்று. ஜூன் மாதத்தில், ஆஸ்பத்திரியிலிருந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனாற் பயனில்லையென்று இங்கிலாந்தின் பேராராய்ச்சி ஒன்று தெரிவித்தது. ராவுல் குழுவினரின் கட்டுரையோ 2024 டிசம்பரில்தான் திரும்பப் பெறப்பட்டது. புகழ் ஓடிற்று, உண்மை நடந்து வந்தது.

சட்டம் என் செய்கின்றது? இங்கிலாந்தில் 2012-ம் வருஷத்து விதிகள் சீட்டு மருந்துகளைப் பொதுஜனங்களுக்கு விளம்பரஞ் செய்வதைத் தடுக்கின்றன. நம் நாட்டில் வைத்தியர் ஒழுக்க விதிகள் 2002-ல் ஏற்பட்டவை. பேஸ்புக் பிறந்ததோ 2004-ல். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு 2-ந் தேதி வெளியிட்ட புதிய விதிகள், சமூக ஊடகத்தில் நோயாளிகளுக்கு மருந்து குறித்தலையும், விருப்பக் குறிகளை விலைக்கு வாங்குதலையும் விலக்கின. ஆயின் அவை அம்மாதம் 23-ந் தேதியே நிறுத்திவைக்கப்பட்டன. வைத்தியர்களின் எதிர்ப்பு பெரும்பாலும் மருந்துகளைப் பொதுப்பெயரால் எழுதவேண்டுமென்ற விதியைப் பற்றியது. அதனோடு இந்நல்விதியும் நின்றுபோயிற்று.

வைத்தியர் வாயை அடைத்தால் அறிவு பரவுமோ என்று சிலர் வினவுவர். தக்க வினாவே. நோயின் குறிகளையும், தடுக்கும் வழியையும், மருந்தின் தீங்கையும் அவர்கள் தாராளமாகப் பேசுக. காணாத நோயாளிக்கு அளவு சொல்லுதல், சீட்டு மருந்தைப் பெயர் கூறிப் புகழ்தல், கம்பெனியிடம் பெற்ற பணத்தை மறைத்தல் ஆகிய மூன்றையுமே விலக்குதல் வேண்டும். மீறியவரை மருத்துவக் கவுன்சில் விசாரித்தல் வேண்டும். இப்பகுதியைத் தனியே பிரித்து மீண்டும் நடைமுறைக்குக் கொணருமாறு அரசாங்கத்தை வேண்டுதல் நம் போன்ற சங்கங்களின் கடமையென்பது நமது அபிப்பிராயம்.

சட்டம் வருமளவும் நம் இல்லங்களில் ஒரு நியமம் கைக்கொள்வோமாக: நம்மை நேரிற் காணாதவர் சொன்ன மருந்தை உண்ணலாகாது, பிறர்க்கு அனுப்பவுமாகாது. இதனைத் தாய்மார்கள் சிறப்பாக மனங்கொள்ளும்படி வேண்டுகின்றோம்.