சின்ன டிராக்டரும் டீசல் வடிகட்டியும்

(மல்லாபூரில் தமிழ் அன்பர்களிடம் பேசிய பேச்சு)

 

என் கையில் இருப்பதைப் பாருங்கள். தகர டப்பா மாதிரி இருக்கிறது. உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம் இருக்கிறது. இதுதான் டீசல் வடிகட்டி. பட்டறையில் டீசல் பில்டர் என்போம். இதை மாற்றுவது எப்படி என்று இன்றைக்குப் பேசப் போகிறேன்.

மல்லாபூரில் டிராக்டர் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இது தொழிற்பேட்டை. பக்கத்தில் நாச்சாரம், மௌலாலி, செர்லபள்ளி. எங்கே பார்த்தாலும் பட்டறை, ஆலை. ஆனால் இங்கே வேலை செய்கிற நம்மில் பலருக்கு ஊரில் நிலம் இருக்கிறது. அண்ணனோ மாமனோ அங்கே பயிர் செய்கிறார். பொங்கலுக்குப் போனால், "டிராக்டர் இழுக்க மாட்டேன் என்கிறது, கொஞ்சம் பாரப்பா" என்கிறார்கள். அப்போது விழிக்கக் கூடாது அல்லவா?

இந்த ஹைதராபாத்தைச் சுற்றியும் முன்பு திராட்சைத் தோட்டங்கள் நிறைய இருந்தன. 'அனாப்-இ-ஷாஹி' என்ற திராட்சை இங்கே பேர்போனது. 1890-இல் அப்துல் பாக்கர் கான் என்பவர் அதை இங்கே கொண்டுவந்தார் என்பார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை இருக்கிறது. பந்தலுக்கு அடியில் பெரிய டிராக்டர் நுழையுமா? நுழையாது. அதற்குத்தான் சின்ன டிராக்டர். 15 முதல் 30 குதிரைத் திறன் வரை இருக்கும். மஹிந்திரா யுவராஜ் 215 என்ற வண்டிக்கு 15 குதிரைத் திறன், ஒரே ஒரு சிலிண்டர். வண்டி சின்னது. ஆனால் டீசல் போகும் வழி பெரிய டிராக்டரில் உள்ளது போலத்தான்.

அந்த வழியைச் சொல்கிறேன். டாங்கியில் இருந்து டீசல் கிளம்புகிறது. ஒரு குழாய்த் திருகு வழியாக வடிகட்டிக்கு வருகிறது. வடிகட்டியில் இருந்து டீசல் பம்புக்குப் போகிறது. பம்ப் அதை அழுத்தி நாசிலுக்கு அனுப்புகிறது. நாசில் அதைப் புகை மாதிரி இன்ஜினுக்குள் பீய்ச்சுகிறது. மீதி டீசல் டாங்கிக்கே திரும்புகிறது.

வீட்டில் காபி பில்டர் பார்த்திருப்பீர்கள். தூள் மிகவும் பொடியாக இருந்தால் துளை அடைத்துக்கொள்ளும். டிகாக்ஷன் இறங்காது. டீசல் வடிகட்டியும் அப்படித்தான். தூசி சேரச் சேர டீசல் இறங்குவது குறையும்.

எதற்காக இவ்வளவு பொடித் தூசியைக் கூட வடிகட்ட வேண்டும்? பம்புக்குள் ஒரு சின்ன இரும்புத் தண்டு மேலும் கீழும் போகிறது. அதற்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு தலைமுடியின் தடிமனை இருபது பங்காக்கினால் வரும் ஒரு பங்கை விடக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் போதும். தண்டில் கோடு விழுந்துவிடும். கோடு விழுந்த தண்டில் டீசல் கசியும், அழுத்தம் ஏறாது. அப்புறம் பம்பைக் கழற்றி நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். வடிகட்டியின் விலையையும் பம்ப் வேலைக்கு ஆகும் கூலியையும் கடையில் கேட்டுப் பாருங்கள். கோழிக்கும் மாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருக்குச் செம்மண் நிலம். நல்ல மழை பெய்தது. செம்மண்ணில் ஈரம் நாலைந்து நாளுக்கு மேல் நிற்காது. அதற்குள் உழுது விதைக்க வேண்டும். டிராக்டரைக் கிளப்பினார். சும்மா நிற்கும்போது நன்றாக ஓடியது. கலப்பையை மண்ணில் இறக்கியதும் திணறியது, நின்றது. "பம்ப் போச்சு" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். பம்பைக் கழற்றினார்கள். பஸ்ஸில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே மிஷினில் வைத்துப் பார்த்தார்கள். பம்பில் ஒரு குறையும் இல்லை. "வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டார் மெக்கானிக். இவருக்கு நினைவில்லை. திரும்பி வந்து பம்பை மாட்டிப் புது வடிகட்டி போடுவதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது. மண் காய்ந்துவிட்டது. அடுத்த மழை வரும்வரை விதை மூட்டையிலேயே இருந்தது.

சும்மா ஓடும்போது சரியாக இருக்கிறது, பாரம் ஏறினால் திணறுகிறது என்றால் முதலில் வடிகட்டியைப் பாருங்கள். பாரம் ஏறும்போது இன்ஜின் அதிகம் டீசல் கேட்கும். அடைத்த வடிகட்டியால் அவ்வளவு கொடுக்க முடியாது.

சிலர் வேறு ஒரு காரியம் செய்கிறார்கள். வடிகட்டி அடைத்தால் உள்ளே இருக்கும் காகிதத்தை எடுத்துப் போட்டுவிட்டு வெறும் டப்பாவை மாட்டுகிறார்கள். ஆணியால் ஓட்டை போடுகிறவர்களும் உண்டு. அன்றைக்கு வண்டி நன்றாகத்தான் ஓடும். அடுத்த உழவில் பம்ப் போகும்.

எப்போது மாற்ற வேண்டும்? டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அது காட்டும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். 250 என்று இருக்கலாம், 500 என்றும் இருக்கலாம். உங்கள் வண்டிப் புத்தகம் சொல்வதுதான் கணக்கு. தூசி அதிகமாக இருந்தாலும், டீசலைப் பீப்பாயில் வைத்து ஊற்றினாலும் அதற்கு முன்பே மாற்ற வேண்டி வரும்.

இப்போது கடைக்குப் போவோம். பழைய வடிகட்டியின் மேல் ஓர் எண் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியில் இருப்பது ஆங்கிலமாக இருக்கட்டுமே, எண் நமக்குத் தெரியும். ஒவ்வோர் எண்ணாக ஒத்துப் பாருங்கள். போலிச் சாமானும் சந்தையில் உண்டு. பெட்டி ஒரே நிறமாக இருக்கும், பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். படிக்கத் தெரியாதவரிடம் அது சுலபமாக விலை போகும். ஆனால் ஒன்று. 'மைக்கோ கேட்டேன், பாஷ் கொடுத்துவிட்டான்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ கம்பெனிக்கு 2008 முதல் பாஷ் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்கிறார்கள்.

வாங்கி வந்தாயிற்று. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து ஆற விடுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. வடிகட்டியைச் சுற்றி உள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் துடையுங்கள். இதை யாரும் செய்வதில்லை. கழற்றும்போது அந்த மண்தான் உள்ளே விழுகிறது. பிறகு வடிகட்டி எதற்கு?

டாங்கிக்குக் கீழே உள்ள குழாய்த் திருகை மூடுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள். டப்பா மாதிரி இருக்கும் வடிகட்டியை இடது பக்கம் திருகினால் கழன்று வரும். கிண்ணம் வைத்த வடிகட்டி என்றால் நடுவில் ஒரு போல்ட் இருக்கும். கிண்ணத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். கிண்ணத்தில் தண்ணீர், கறுப்புச் சேறு இருக்கும். சுத்தமான டீசலால் கழுவுங்கள். சில வண்டிகளில் இரண்டு வடிகட்டி இருக்கும். முதலாவது துணி, இரண்டாவது காகிதம். துணியைக் கழுவிப் போடலாம் என்று புத்தகம் சொன்னால் கழுவலாம். காகிதத்தைக் கழுவவே கூடாது. காற்றடித்தும் போடக் கூடாது.

இப்போது மேலே தலைப் பகுதியைப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுங்கள். பழையதன் மேல் புதியதை வைத்தால் கசியும், காற்றும் இழுக்கும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் டீசல் தடவுங்கள். வடிகட்டியைக் கையால் திருகுங்கள். வளையம் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று போதும். டப்பாவின் மேல் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்பேனரால் இறுக்க வேண்டாம்.

சிலர் புது வடிகட்டியின் நடுத் துளையில் டீசலை ஊற்றி மாட்டுகிறார்கள். அந்தத் துளை வடிகட்டிய டீசல் வெளியே போகும் வழி. அதில் ஊற்றிய டீசல் வடிகட்டாமல் நேரே பம்புக்குப் போகும். காலியாகவே மாட்டுங்கள். கை பம்ப் அதை நிரப்பும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. காற்று எடுப்பது. டீசலை அழுத்தலாம், அது நாசிலைத் திறக்கும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், நாசில் திறக்காது. இதைத்தான் ஏர் லாக் என்கிறோம். வடிகட்டியை மாற்றிவிட்டு, "வண்டி கிளம்பவே இல்லை, புதுசு கெட்டது" என்று சொல்கிறவர்கள் எல்லாம் காற்று எடுக்காதவர்கள்.

குழாய்த் திருகைத் திறங்கள். வடிகட்டியின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். கை பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும். துப்பித் துப்பி வரும். நிறுத்தாதீர்கள். நுரை இல்லாமல் முழு டீசலாக வரும்போது, அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். இரண்டு வடிகட்டி இருந்தால் டாங்கிப் பக்கம் உள்ளதை முதலில் செய்யுங்கள். அடுத்து டீசல் பம்பில் உள்ள திருகிலும் இதேபோல். பிறகு கிளப்புங்கள். பெரும்பாலும் கிளம்பிவிடும். செல்ப் மோட்டாரைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து ஓட்ட வேண்டாம். நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள்.

சில சின்ன டிராக்டர்களில் கை பம்ப் இல்லை. கரண்ட் பம்ப் இருக்கும். சாவியைத் திருப்பி வைத்தால் போதும். அது ஓடி டீசலை நிரப்பும், காற்று தானே டாங்கிக்குத் திரும்பும். உங்கள் வண்டி எந்த வகை என்பதைப் புத்தகத்தில் பாருங்கள்.

அப்படியும் கிளம்பவில்லை என்றால் நாசில் குழாயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஒருவர் செல்ப் அடிக்க வேண்டும். டீசல் கசிந்ததும் இறுக்க வேண்டும். இதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். நாசிலுக்கு முன்னாலோ கசியும் குழாயிலோ விரலை வைத்துப் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் அவ்வளவாக இராது. அதை நம்பி வீட்டில் இருந்தால் விரலே போகலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "அழுத்தத்தில் டீசல் ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 முதல் புகை விதி கடுமையாகிவிட்டது. அவற்றில் கம்ப்யூட்டர் வைத்த பம்ப் வருகிறது. அழுத்தம் பல மடங்கு அதிகம். அவற்றில் நாசில் நட்டைத் தளர்த்தவே கூடாது. நான் சொல்வது பழைய வகைப் பம்ப் உள்ள சின்ன வண்டிகளுக்கு மட்டும்.

தண்ணீரைப் பற்றியும் கேட்பீர்கள். பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் சுவரில் துளித்துக் கீழே இறங்கும். அதனால் வேலை முடிந்த மாலையிலேயே டாங்கியை நிரப்பிவிடுங்கள். பீப்பாயில் வாங்கி வைத்தால் ஒரு நாள் அசைக்காமல் தெளிய விடுங்கள். அடியில் நாலு விரல் உயரம் விட்டுவிட்டு மேலே இருப்பதை எடுங்கள். நாகப் பூச்சுப் பீப்பாய், வாளி வேண்டாம். நாகமும் டீசலும் சேர்ந்தால் பிசின் போல ஒன்று உண்டாகி வடிகட்டியை அடைக்கும்.

வேலை முடிந்ததும் புது வடிகட்டியின் மேல் பெயின்ட் பேனாவால் தேதியையும் மீட்டரில் உள்ள மணியையும் எழுதுங்கள். உங்கள் கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்தவர் ஓட்டினாலும் அவருக்குத் தெரியும். வடிந்த டீசலைக் கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். டப்பாவில் பிடித்துப் பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கொடுங்கள்.

வெளியே ஒரு வண்டி நிறுத்தியிருக்கிறேன். தம்பி, அந்தத் தட்டை எடுத்துக்கொள். அக்கா, நீங்கள் மீட்டரைப் படித்து எண்ணைச் சொல்லுங்கள், பலகையில் எழுதிக்கொள்வோம். பெரியவரே, பெட்டியில் 17-ஆம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறதா பாருங்கள்.