மூளைக்குப் பிறவி ஏது?
(சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் யந்திரங்களைப் பற்றியதாகும். யந்திரம் என்றதும், செப்புத் தகட்டில் கட்டம் கீறி இடுப்பில் கட்டிக்கொள்கிறார்களே, அதை நினைத்துவிடாதீர்கள். அந்த யந்திரம் இன்றுவரை யாருக்கும் ஒரு படி நெல் குத்திக் கொடுத்ததில்லை. நான் சொல்வது இரும்பாலும் மரத்தாலும் செய்து, மனிதன் முதுகுவலியைக் குறைத்த யந்திரங்களைப் பற்றி.

இவற்றில் பலவற்றைச் செய்தவர்கள் தனி ஆள்கள். தங்கள் யுக்தியைச் சர்க்காரில் பதிந்து பேட்டண்ட் வாங்கியவர்கள். பேட்டண்ட் என்றால் என்ன? அது ஒரு ஒப்பந்தமாகும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவன், அதைச் செய்யும் விதத்தை ஒளிக்காமல், படம் போட்டு, அத்தொழில் தெரிந்த எவனும் படித்துச் செய்யும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஒரு தவணை வரை அவன் சம்மதமின்றி வேறெவரும் அதைச் செய்து விற்கக் கூடாது. இங்கிலாந்தில் 1624-ல் ஏற்பட்ட சட்டம் இதற்கு 14 வருஷம் தந்தது. இன்று நம் நாட்டில் 20 வருஷம். தவணை முடிந்தால் அது உலகத்தாருக்குப் பொது.

இதிலுள்ள நியாயத்தைக் கவனியுங்கள். வித்தையை மறைப்பவனுக்கு இங்கே உரிமையில்லை. வெளியே சொல்பவனுக்கே உரிமை. கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஓதுவதும், இன்னார் கேட்கக் கூடாது என்பதுமே வித்தை என்று பழகிவிட்ட நமக்கு இது புதுமையாகத்தான் இருக்கும்.

பெண்ணுக்கு யந்திர புத்தி ஏது என்பார்கள். அமெரிக்காவில் மார்கரெட் நைட் என்ற பெண்மணி சிறு வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர். தறியின் நாடா தெறித்து ஒரு தொழிலாளிக்குக் காயம் பட்டதைப் பார்த்து, சுமார் 12 வயதில் அதைத் தடுக்க ஒரு சாதனம் செய்தார். அதற்கு அவர் பேட்டண்ட் வாங்கவில்லை. பின்னால், அடி தட்டையான காகிதப் பை செய்யும் யந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதன் மாதிரி தயாராகும் பட்டறையில் அதைப் பார்த்த சார்லஸ் அன்னன் என்பவர், தன் பேருக்கே பேட்டண்ட் வாங்கிவிட்டார்! அம்மையார் சும்மா இருந்தாரா? வழக்காடினார். தன் படங்களையும் குறிப்புகளையும் சாட்சிகளையும் கொண்டுவந்து நிறுத்தி ஜெயித்தார். 1871-ல் பேட்டண்ட் அவருக்கே கிடைத்தது. இன்று மளிகைக் கடையில் நிமிர்ந்து நிற்கும் காகிதப் பை அந்தப் பெண்ணின் மூளையிலிருந்து வந்ததாகும்.

அடுத்தபடி, செருப்புத் தொழிலுக்கு வாருங்கள். அதை நாம் எவ்வளவு கேவலமாக நினைத்து வந்திருக்கிறோம்! யான் மாட்ஸெலிகர் 1852-ல் தென் அமெரிக்காவிலுள்ள சூரினாமில் பிறந்தவர். தாயார் கறுப்பினப் பெண். பிழைக்க அமெரிக்கா வந்து, லின் என்ற ஊரில் ஜோடுத் தொழிற்சாலையில் கூலியானார். மர அச்சின்மேல் தோலை இழுத்து மடித்து அடித்தோலோடு பிணைக்கும் வேலையைக் கையால்தான் செய்ய முடியும் என்பது அக்காலத்தார் முடிவு. கைதேர்ந்தவன் நாளொன்றுக்குச் சுமார் 50 ஜோடி செய்வான். மாட்ஸெலிகர் வேலை முடிந்தபின் இரவில் உழைத்து அதற்கு யந்திரம் செய்து 1883-ல் பேட்டண்ட் பெற்றார். அது நாளைக்கு 150 முதல் 700 ஜோடி வரை முடித்தது. ஆனால் பணமில்லாததால் உரிமையில் மூன்றில் இரண்டு பங்கை முதல் போட்டவர்களுக்குக் கொடுக்க நேர்ந்தது. 1889-ல், 37 வயது நிரம்புமுன், க்ஷயரோகத்தால் மாண்டார்.

"யந்திரம் வந்ததால் கைவேலைக்காரன் வயிறு என்ன ஆவது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குற்றம் யந்திரத்தினுடையதா, அதன் லாபம் முழுவதையும் ஒரு பக்கமே எடுத்துக்கொண்டதினுடையதா என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி, மனம் வேகும் சங்கதி ஒன்று. 1857-ல் மிஸிஸிபியில் நெட் என்ற அடிமை பருத்திக் காட்டுக்கு ஒரு புதுக் கலப்பைக் கருவி செய்தான். அவன் எஜமானன் ஆஸ்கார் ஸ்டூவர்ட், அடிமையின் கையுழைப்பும் மூளையுழைப்பும் தன் சொத்தே என்று சொல்லி, தனக்குப் பேட்டண்ட் கேட்டான். 1858-ல் சர்க்கார் வக்கீலின் தீர்ப்பு என்ன தெரியுமா? அடிமை பிரஜையல்ல, ஆதலால் அவனுக்குக் கிடையாது. எஜமானன் கண்டுபிடித்தவனல்ல, ஆதலால் அவனுக்கும் கிடையாது! ஆக, கருவி இருக்கிறது, கண்டுபிடித்தவன் மட்டும் சட்டத்தில் இல்லை. எஜமானன் அக்கருவியைச் செய்து விற்றான். கறுப்பருக்கு மூளையில்லை என்று பேசிய அதே நாட்டில், அடிமையல்லாத கறுப்பரான நார்பெர்ட் ரில்யூ 1843-லேயே, ஒரு பாத்திரத்தின் ஆவியைக் கொண்டே அடுத்த பாத்திரத்தைக் காய்ச்சும் சர்க்கரை யந்திரத்துக்குப் பேட்டண்ட் வாங்கியிருந்தார்! எனவே, குறைவாயிருந்தது மூளையா, உரிமையா?

நம் நாட்டுக் கதையும் இதுதான். இங்கு 1856-ல் முதல் சட்டம் வந்தபோது, முதல் விண்ணப்பம் கல்கத்தா டிபென்னிங் என்பவர் கொடுத்தது. எதற்கு? பங்கா இழுக்கும் யந்திரத்துக்கு. துரைகளுக்குக் காற்று வர, வாசலில் உட்கார்ந்து நாளெல்லாம் கயிறிழுத்தவன் ஒரு கூலிக்காரன். கயிறு அவன் கையில்தான் இருந்தது. ஆனால் அவன் ஒரு யுக்தி சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் யார்? எழுதியிருந்தால் படித்திருப்பார் யார்? அவனுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர்தான் யார்?

இன்று சட்டம் பிறவியைக் கேட்பதில்லை. சென்னையிலேயே பேட்டண்ட் ஆபீஸ் இருக்கிறது. கொல்லரோ, தச்சரோ, நெசவாளியோ, வீட்டில் மாவாட்டும் பெண்ணோ, புதிதாக ஏதேனும் செய்தால் முதலில் ஊரெல்லாம் காட்டிவிடாதீர்கள், பத்திரிகைக்கும் கொடுத்துவிடாதீர்கள். வெளியாகிவிட்டது புதிதல்ல என்று சட்டம் தள்ளிவிடக்கூடும். தற்காலிக விண்ணப்பம் ஒன்று கொடுத்து வைத்தால், முழு விவரம் எழுதிக் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. தேதி போட்டுக் குறிப்பு எழுதி வையுங்கள். மார்கரெட் நைட்டைக் காப்பாற்றியது அவர் எழுதி வைத்திருந்த காகிதங்களும்தான் என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே தோழர்களே! நம் வீட்டுப் பையன் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டால் அடிக்காதீர்கள். பெண் குழந்தை "இது ஏன் சுற்றுகிறது?" என்று கேட்டால், "உனக்கெதற்கு?" என்று வாயை அடைக்காதீர்கள். அந்த "ஏன்" என்பதிலிருந்துதான் இவ்வளவும் வந்தன என்று கூறி, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.