பழசுக்கு என்ன விலை?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஆப்பிரிக்கா போய் வந்தாயே, அங்கே என்ன வாங்கலாம், சொல்லேன்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நம்மில் பலர் வேலைக்கும் பனியன் ஆர்டருக்கும் அந்தப் பக்கம் போகிறவர்கள். ஆகவே நான் பட்டதைச் சொல்கிறேன்.

கம்ப்ரசர் நிறுவும் வேலையாக நைஜீரியாவில் நான்கு மாதம் இருந்தேன். லேகோஸ் நகரில் லெக்கி சந்தை என்று ஒன்று உண்டு. மரச்சிற்பம், முகமூடி, பாசிமணி எல்லாம் குவிந்து கிடக்கும். முதலில் சொல்லும் விலையைக் கேட்டு அசந்துவிடக் கூடாது. நம்ம கன்னிவாடிச் சந்தையில் ஆடு பிடிக்கிற மாதிரிதான், பேசிப் பேசித்தான் படியும்.

ஒரு கடைக்காரர் கறுத்த முகமூடி ஒன்றைக் காட்டி, "இருநூறு வருஷத்துப் பழசு" என்றார். திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் உளித்தடம் புத்தம் புதுசாக இருந்தது! பொய்யென்றால் பணம் போகும். நிஜமாகவே பழசென்றால் இன்னும் வம்பு. அந்நாட்டு அருங்காட்சியக ஆணையத்தின் அனுமதி இல்லாமல் பழம்பொருளை வெளியே கொண்டுபோக முடியாது. யானைத் தந்தத்தைத் தொடவே வேண்டாம்.

அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 1897-இல் ஆங்கிலேயப் படை பெனின் அரண்மனையைச் சூறையாடி ஆயிரக்கணக்கான வெண்கலப் பொருட்களை அள்ளிச் சென்றது. அவற்றில் சிலவற்றை 2022-இல்தான் ஜெர்மனி திருப்பித் தந்தது. நமக்கு இது புரியாததா? ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய், 2008-இல் 50 லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டு, 2014-இல் திரும்பி வந்ததை மறந்துவிட்டோமா? வாங்குகிறவன் கேள்வி கேட்காமல் இருந்தால் திருடுகிறவனுக்குக் கொண்டாட்டம்.

அடுத்து போர்ட் ஹார்கோர்ட் போனேன். உடன் வேலை பார்த்த நண்பர், கலபாரி இனத்தவர், தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் தாயார் ஒரு பெட்டியைத் திறந்து துணிகளைக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம மெட்ராஸ் கட்டம் போட்ட துணி! அதை 'இன்ஜிரி' என்கிறார்கள். 'இந்தியா' என்ற பெயர்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். அதிலே சில நூல்களை மட்டும் கத்தியால் அறுத்து உருவி, புதுக் கோலம் வரவழைப்பது அவர்கள் பெண்களின் கைவேலை. பெரியவர்கள் இறந்தால் உடலைக் கிடத்தும் அறையைக் குடும்பத்துத் துணிகளால்தான் அலங்கரிப்பார்களாம்.

சந்தைப் பழக்கத்தில், "அம்மா, இது என்ன விலை?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார். "இது என் மாமியார் கொடுத்தது. உங்க ஊர்த் துணிதானே, உங்க பாட்டி பெட்டியிலே இருக்குமே?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

நண்பர்களே, மூலனூரில் எங்கள் அமுச்சி ராட்டையில் நூல் நூற்றவர். அவர் காலமானபின் வீட்டை இடித்துக் கட்டினோம். ராட்டை, மரப்பெட்டி, பித்தளை அண்டா எல்லாவற்றையும் பழைய சாமான் வியாபாரிக்குப் போட்டுவிட்டேன். அண்டாவை எடை பார்த்து வாங்கினார். பெட்டிக்குள் என்ன இருந்ததென்று திறந்துகூடப் பார்க்கவில்லை. ஊர் திரும்பியதும் அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே கைமாறிப் போச்சுங்களே" என்றார்.

ஆகவே நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பழசைத் தேடாதீர்கள். புதுசை, செய்கிறவர் கையிலிருந்தே வாங்குங்கள். பெனின் நகரில் இகுன் தெருவில், நம்ம சுவாமிமலை போலவே மெழுகில் உருச்செய்து உலோகம் வார்க்கிறார்கள். அங்கே ஒரு சின்னச் சேவல் வாங்கினேன். வார்த்தவரே ரசீது எழுதித் தந்தார். அபெயோகுட்டாவில் அவுரிச் சாயம் தோய்த்த 'அதிரே' துணி கிடைக்கும். சாயத்தோடு பிழைக்கும் நம் ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இன்று வீட்டுக்குப் போனதும் பரண்மேல் ஏறிப் பாருங்கள். பாட்டி பெட்டி இருந்தால், அதன் கதையை அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். எனக்குக் கேட்கப் பெட்டியும் இல்லை, அமுச்சியும் இல்லை.