கரை இருந்தால் மீன் வரும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வயலும் ஆறும் சூழ்ந்த நிலத்துக்கு, ஆற்றங்கரை மரமாகிய மருதத்தின் பெயரையே சூட்டியவர் நம் முன்னோர். நீரையும் கரையையும் பிரித்துப் பாராத அந்தப் பார்வையை மனத்திற்கொண்டே, தொலைதேசத்து மீன் ஒன்றைப் பற்றிப் பேச எழுந்தேன்.

அமெரிக்காவின் வடமேற்கில், சால்மன் மீன் கடலில் வளர்ந்து, பிறந்த ஓடைக்கே திரும்பி, கூழாங்கற்களிடையே முட்டையிட்டு மடிகிறது. முட்டை பொரிக்கக் குளிர்ந்த நீர் வேண்டும். அதற்குக் கரைமரத்தின் நிழல் வேண்டும். வேர்கள் மண்ணைப் பிடித்திராவிட்டால், வண்டல் படிந்து முட்டைகள் மூச்சின்றி அழியும். இலைகளிலிருந்து உதிரும் பூச்சிகள் குஞ்சுகளுக்கு இரை. ஓடையில் விழுந்த மரமும் வீணன்று. அதனருகே நீர் ஆழ்ந்து மடுவாகும். வெள்ளத்திலும் வெயிலிலும் குஞ்சுகள் ஒதுங்குவது அம்மடுவில்தான்.

இதை உணராத காலம் ஒன்று இருந்தது. 1950களிலிருந்து 1970கள் வரை, மீனுக்கு வழிவிடுவதாக எண்ணி, ஓடைகளில் கிடந்த மரங்களை அரசுத் துறையினரே அகற்றினர். ஓடைகள் துப்புரவாயின, மடுக்கள் மறைந்தன, மீனுக்கு ஒதுங்க இடமற்றுப் போயிற்று. கேடு நினைத்துச் செய்தாரில்லை. நன்மை நினைத்தே செய்தனர். பின்னாளில், பெருமரங்களை ஹெலிகாப்டரில் சுமந்துவந்தும் ஓடைகளில் இட வேண்டியதாயிற்று.

வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றின் துயரம் வேறு. 1913இலும் 1927இலும் எழுந்து முடிந்த இரண்டு அணைகள், மீன் ஏற வழியின்றி மேலாற்றை அடைத்தன. அவ்வாற்றை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர் பல்லாண்டுகள் போராடினர். 2011இல் தொடங்கி 2014இல் அணைகள் முற்றும் அகற்றப்பட்டன. நீர்த்தேக்கங்கள் விட்டுச்சென்ற வெற்றுமண்ணில் இலட்சக்கணக்கான நாற்றுகள் நடப்பட்டன. கீழணை நீங்கிய 2012ஆம் ஆண்டிலேயே சால்மன் அவ்விடம் கடந்து மேலேறியது. மீன் பெருகட்டுமென்று 2011 முதல் வலையிடாதிருந்த அம்மக்கள், 2023இல் அந்த ஆற்றில் மீண்டும் மீன் பிடித்தனர்.

பணி முடிந்துவிடவில்லை. இன்று நட்ட ஊசியிலைக் கன்று பெருமரமாகி, மூத்துத் தானே ஆற்றில் சாய நூறாண்டுக்கு மேலும் ஆகலாம். நட்டவர் அதைக் காணமாட்டார். காணமாட்டோம் என்று அறிந்தேதான் நடுகிறார்.

கவிஞர்களே, தெளிந்த நீரையே அழகென்று பாடிவந்தோம். துப்புரவு என்ற நல்ல சொல்லே ஓர் ஓடையை வெறுமையாக்கியதை எண்ணிப் பாருங்கள். இனி ஆற்றைப் பாடும்போது, நீரில் சாய்ந்துகிடக்கும் பட்டமரத்துக்கும் ஒரு வரி கொடுங்கள். அதன் நிழலில்தான் மீன் இருக்கிறது.