கிற்றார்ப் பெட்டியும் மின்சாரமும்



பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் இசைக்குழு நடத்தும் நாம், கிற்றாரின் ஒலியை மாற்றும் பெடல் பெட்டியை நாமே செய்து கொள்ளலாம். அது ஓயாது இரைந்தால், முதலில் 9 வோல்ற் பற்றரியில் இயக்கிப் பார்ப்போம். இரைச்சல் அடங்கினால் குற்றம் பெட்டியிலன்று, அடப்டரிலேயே.

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். விநாடிக்கு 50 சுற்று. அடப்டர் நன்கு வடிகட்டாவிடில் 100 சுற்று அலை எஞ்சி ஒலியிற் கலக்கும். மின்சாரம் பெட்டிக்குள் நுழையுமிடத்தில் 100 ஓம் தடையும் 100 மைக்ரோபரட் கொள்ளளவியும் வைத்தால் அது பெரிதும் தணியும். பெரும்பாலான பெடல்களில் செருகியின் நடு எதிர்முனையாகும். முனை மாறினால் பெட்டி பழுதாகக்கூடும். ஆகவே மீற்றரால் அளந்த பின்பே செருகுவோம்.

இரைச்சலை அடக்குவதற்காக அம்பிளிபயரின் புவித்தொடுப்புக் கம்பியை மட்டும் ஒருபோதும் வெட்டலாகாது. கிற்றார்த் தந்தி அதனோடு இணைந்தது. நம் கையோ தந்தியில். 1972இல் ஸ்கொட்லாந்துக் கிற்றார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சரியாகப் புவித்தொடுக்கப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி மாண்டார்.

புவித்தொடுப்பைச் சோதிக்காத மேடையில் கிற்றாரை எடுப்பதில்லையென இன்றே தீர்மானிப்போமாக.